மனஸ்தாபம் என்னும் பழஞ்சொல்

சில சொற்கள் கோயிலுக்குள் ஒரு பொருளும் தெருவில் வேறொரு பொருளும் கொண்டு வாழ்ந்து வருகின்றன. 'மனஸ்தாபம்' அத்தகைய சொற்களுள் ஒன்று. எங்கள் சரவணம்பட்டியில் உடன்பிறந்தார் இருவருக்கிடையே பேச்சுவார்த்தை நின்றுபோனால், "அவங்களுக்குள்ள கொஞ்சம் மனஸ்தாபமுங்க" என்று நாசூக்காகச் சொல்லுவார்கள். சத்தி சாலையின் இருமருங்கிலும் மானாவாரியாகச் சோளமும் பருத்தியும் விளைந்து கிடந்த நிலங்கள், கணினி நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகளுக்கு இடங்கொடுத்த நாள் முதலாக இந்தச் சொல்லுக்கு இங்கே வேலை அதிகம். ஏக்கர் கணக்கில் பேசப்பட்ட மண் சென்ட் கணக்கில் பேசப்படலாயிற்று. 2011-இல் ஊர் கோவை மாநகராட்சியோடு இணைந்தது. எல்லைக்கல் நட்ட இடத்திலெல்லாம் ஒரு மனஸ்தாபம் முளைத்தது என்றாலும் மிகையாகாது.

ஆனால் நம் முன்னோர் ஞானோபதேசத்தில் கற்ற மனஸ்தாபம் இதுவன்று. நல்ல பாவசங்கீர்த்தனத்திற்கு வேண்டிய ஐந்து காரியங்களுள் ஒன்றாக அதைச் சிறுவயதில் மனப்பாடம் செய்தோம். தான் செய்த குற்றத்திற்காகத் தன் உள்ளம் வேகுதல் என்பதே அங்கே அதன் பொருள். தெருவில் சொல்லும்போது பிறர் நமக்குச் செய்ததை நினைத்துச் சுடும் நெஞ்சு. பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன் மண்டியிடும்போது நாம் பிறர்க்குச் செய்ததை நினைத்துச் சுடும் நெஞ்சு. தாபம் ஒன்றுதான், அது திரும்பியிருக்கும் திசைதான் வேறு. இந்தத் திசைமாற்றத்தையே இன்று நாம் 'மனமாற்றம்' என்றும் 'மனந்திரும்புதல்' என்றும் சொல்லுகிறோம். பழஞ்சொற்கள் பலவற்றை நம் வழிபாட்டிலிருந்து விலக்கியது நல்லதே. வடமொழிப் பாரம் குறைந்தது. எனினும் இந்த ஒரு சொல் போனதில் எனக்குச் சிறு வருத்தமுண்டு.

வெந்து கொண்டிருக்கும் நெஞ்சு எவ்வாறு திசை திரும்புகிறது? தானே திரும்புகிறதா, எவரேனும் திருப்புகின்றனரா? இந்தக் கேள்விக்குத் திருச்சபை 1547-ஆம் ஆண்டு திரிதெந்து பொதுச்சங்கத்தில் தெளிவாகவே விடை கூறியிருக்கிறது. பாவியின் மனமாற்றத்தின் தொடக்கமே, அவனிடத்தில் எந்தத் தகுதியும் இல்லாதபோது, கிறிஸ்துவின் வழியாக அவனை முந்திக்கொண்டு வரும் இறையருளிலிருந்து புறப்படுகிறது என்பதே அந்தப் போதனை. அருள் முந்துகிறது, மனிதன் அதற்கு இசைகிறான், அல்லது மறுக்கிறான். 1999 அக்டோபர் 31-ஆம் நாள் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் ஒப்பமிட்ட கூட்டறிக்கையும், நம் தகுதியினாலன்றி அருளினாலேயே நாம் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம் என்பதை ஒரே குரலில் அறிக்கையிட்டது. 'அருள்' என்று இன்று சொல்வதை நம் பாட்டிமார் 'பிரியதத்தம்' என்றார்கள். பிரியத்தால் தத்தம் செய்யப்பட்டது. விலை பேசாமல் கொடுக்கப்பட்டது. சொல்லுக்குள்ளேயே மறைக்கல்வி அடங்கியிருந்தது.

சங்கத்தின் சொற்கள் உயரத்தில் நிற்பவை. அவை மண்ணில் இறங்கி நடந்ததை நம் நாட்டிலேயே, நம் காலத்திலேயே கண்டோம். மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் மறைமாவட்டத்திலுள்ள உதயநகரில் பணியாற்றிய அருட்சகோதரி ராணி மரியாவின் வரலாற்றைச் சொல்லுகிறேன்.

கேரளத்தின் புல்லுவழி என்னும் சிற்றூரில் 1954 ஜனவரி 29-ஆம் நாள் பிறந்தவர் அவர். பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையில் சேர்ந்து வட இந்தியப் பணித்தளங்களுக்குச் சென்றார். நிலமற்ற பழங்குடி மக்கள் வட்டிக்காரர்களிடமும் நிலவுடைமையாளர்களிடமும் பரம்பரையாகக் கட்டுண்டு கிடப்பதைக் கண்டு, அரசின் கடனுதவிகளையும் வங்கியையும் அவர்களுக்குக் காட்டிக்கொடுத்தார். சிறு சேமிப்புக் குழுக்களை ஏற்படுத்தினார். அதனால் வருமானம் இழந்தவர்கள் வாளாவிருக்கவில்லை. 1995 பிப்ரவரி 25-ஆம் நாள், இந்தூருக்குச் சென்றுகொண்டிருந்த பேருந்தில், ஏவிவிடப்பட்ட இளைஞன் ஒருவன் பயணிகள் பார்த்திருக்கவே அவரைக் கத்தியால் குத்திக் கொன்றான். உடலில் ஐம்பதுக்கு மேற்பட்ட காயங்கள். அப்போது அவருக்கு வயது 41. கொன்றவன் பெயர் சமுந்தர் சிங்.

அவன் ஆயுள் தண்டனை பெற்றுச் சிறை சென்றான். அங்கே அவன் நெஞ்சு வெந்தது உண்மை. ஆனால் எதற்காக வெந்தது? ஏவியவர்கள் தன்னைக் கைவிட்டார்கள், தன் வாழ்வு பாழாயிற்று, வெளியே போனதும் அவர்களைத் தீர்த்துக்கட்ட வேண்டும் என்பதற்காகவே வெந்தது. இது நான் மேலே சொன்ன தெருவின் மனஸ்தாபம். சிறைச்சாலை ஒருவனை வருந்த வைக்கும். மனம் வருந்த வைக்கும் என்று சொல்ல இயலாது. மாட்டிக்கொண்டோமே என்ற வருத்தத்தையும், செய்துவிட்டோமே என்ற வருத்தத்தையும் வெளியிலிருந்து பார்ப்பவர் பிரித்தறிவது எளிதன்று. இரண்டிலும் கண்ணீர் ஒன்றுபோலவே வழியும்.

இந்நிலையில்தான் கார்மல் மாமரி சபைத் துறவியான சுவாமி சதானந்த் சிறைக்குச் சென்று அவனைச் சந்திக்கலானார். கொல்லப்பட்ட சகோதரியின் குடும்பம் உன்னை மன்னித்துவிட்டது என்ற செய்தி அவனுக்குக் கிடைத்தது. எந்த மன்னிப்பையும் அவன் கேட்டிருக்கவில்லை. கேட்கும் நிலையிலும் இல்லை. 2002 ஆகஸ்டில், ரக்ஷாபந்தன் நாட்களையொட்டி, ராணி மரியாவின் உடன்பிறந்த தங்கையும் அதே சபையின் துறவியுமான அருட்சகோதரி செல்மி பால் இந்தூர் சிறைக்குச் சென்று, அக்காளைக் கொன்றவனின் கையில் ராக்கி கட்டி அவனைச் சகோதரனாக ஏற்றுக்கொண்டார். கொலை நடந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு! அந்த ஏழு ஆண்டுகளும் செல்மியின் உள்ளத்தில் என்ன நடந்திருக்கும் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். மன்னிப்பு என்பதை ஒரு பொத்தானை அமுக்குவதுபோல் மறையுரைகளில் பேசிவிடுகிறோம். துறவற உடை அணிந்தவருக்கும் அக்காள் அக்காளே.

பின்னர் அன்னை எலீஸ்வாவும் அவரைச் சந்தித்தார். தம் மகளின் இரத்தம் பட்ட அந்தக் கைகளை முத்தமிட்டார். சமுந்தர் சிங்கை விடுவிக்குமாறு குடும்பத்தினரும் திருச்சபையினரும் அரசிடம் வேண்டினர். 2006-இல் அவர் வெளியே வந்தார். மறு ஆண்டு தொடக்கத்தில் புல்லுவழிக்குச் சென்று அந்தக் குடும்பத்தின் வீட்டு வாசலை மிதித்தார். உதயநகரில் உள்ள சகோதரியின் கல்லறைக்குத் தொடர்ந்து வந்துபோகும் மனிதரானார். 2017 நவம்பர் 4-ஆம் நாள் இந்தூரில் ராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டார். (அவன் என்று தொடங்கிய நான் எந்த இடத்தில் அவர் என்று மாற்றினேன் என்பது எழுதும்போது எனக்கே தெரியவில்லை, திரும்பப் படித்தபோதுதான் கண்டேன். திருத்தாமல் விட்டுவிடுகிறேன்.)

இவ்வரலாற்றில் என்னை ஈர்ப்பது அதன் வரிசை. குற்றவாளி மனம் வருந்தினான், ஆகவே மன்னித்தார்கள் என்பது உலக வழக்கம். நம் ஊர்ப் பஞ்சாயத்துகளின் முறையும் அதுவே. இங்கோ மன்னிப்பு முந்தி வந்தது. வருத்தம் அதன் பின்னே பிறந்தது. லூக்கா நற்செய்தியில் பேதுருவின் கதையும் இவ்வரிசையில்தான் செல்கிறது. மும்முறை மறுதலித்தவர் தாமாக அழவில்லை. ஆண்டவர் திரும்பி அவரைப் பார்த்த பிறகே வெளியே சென்று அழுதார். யூதாசும் வருந்தியவனே, காசைத் திருப்பி எறிந்தவனே. அவன் தன் வருத்தத்தைத் தலைமைக் குருக்களிடம் கொண்டுபோனான். அவர்களோ அது உன் பாடு என்று கைவிரித்தார்கள். அவனை நோக்கித் திரும்பும் ஒரு முகம் அவ்வேளையில் அவனுக்குக் கிட்டவில்லை, அல்லது அவன் தேடவில்லை. வருத்தம் அருளைச் சந்திக்காதபோது அது மனிதனையே தின்றுவிடும் என்பதற்கு அவன் சாட்சி.

இனி மறுபக்கம். அருள் இலவசம் என்றால் பாவத்திற்கு விலையே இல்லையா என்று கேட்பவருண்டு, கேட்க வேண்டியதுதான். ஜெர்மானிய இறையியலார் போன்ஹோஃபர் 1937-இல் வெளியிட்ட நூலில், மனந்திரும்புதல் இல்லாத மன்னிப்பைப் பறைசாற்றுவதை 'மலிவான அருள்' என்று கண்டித்தார். சக்கேயுவை எண்ணிப் பாருங்கள். அவன் வீட்டில் தங்க வேண்டும் என்று இயேசு சொன்னபோது, அவன் ஒரு காசும் எவருக்கும் திருப்பித் தந்திருக்கவில்லை. ஆனால் அந்த அழைப்பைப் பெற்ற பின்னர், சொத்தில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவும் ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பவும் எழுந்து நிற்கிறான். விருந்தாளியாக வந்தவர் கணக்குக் கேட்கவில்லை. வீட்டுக்காரனே கணக்கை எடுத்து வைக்கிறான். உதயநகரிலும் மன்னிப்பு வந்தவுடன் சிறைக்கதவு திறந்துவிடவில்லை; அதற்குப் பின்னரும் தண்டனை தொடர்ந்தது. அதை யாரும் அருளுக்கு முரணாகக் கருதவில்லை. பரிகாரம் என்பது மன்னிப்பை வாங்கக் கொடுக்கும் விலையன்று. மன்னிக்கப்பட்டவன், தான் உடைத்ததன் முன் உட்கார்ந்து ஒட்ட முயலும் வேலை.

பெரிய வரலாறுகளைப் பேசிவிட்டு எங்கள் தெருவுக்கு வருகிறேன். எங்கள் பகுதியில் ஒருவர் ஏலச்சீட்டு நடத்தி வந்தார். ஆலைத் தொழிலாளரும், பட்டறைக்குச் செல்வோரும், வீட்டு வேலை செய்யும் பெண்களும் சீட்டுக் கட்டினர். எங்கள் வீட்டுப் பணமும் 40,000 ரூபாய் அதில் இருந்தது. ஒருநாள் விடியலில் அவர் வீடு பூட்டிக் கிடந்தது. காவல் நிலையத்தில் புகார், வாசலில் கூட்டம், பெண்களின் ஒப்பாரி எல்லாம் வழக்கம்போல் நடந்தேறின. பல ஆண்டுகள் அவரைக் குறித்துச் செய்தி ஏதுமில்லை.

சீட்டில் பணம் இழந்தவர்களுள் ஒருவர் எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த வயது முதிர்ந்த கைம்பெண். தெருவே அவரை அக்கா என்றழைக்கும். அந்த மனிதர் திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனி ஒன்றில் இருப்பதாக அவருக்குத் தெரியவந்தபோது, போலீசுக்குச் சொல்லவில்லை. உறவினர் வழியாக அவருக்குச் சொல்லியனுப்பினார். "ஊருக்கு வந்துரு கண்ணு. பணத்தப் பத்தி அப்பறம் பேசிக்கலாம். உங்கம்மா படுத்த படுக்கையா இருக்கறா, வந்து பாரு" என்பதே அந்தச் செய்தி. தவக்காலத்தில் அவர் வந்தார். வழக்கை நேர்கொண்டார். ஒரு கட்டடத்தில் இரவுக் காவலாளியாகச் சேர்ந்தார். பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிந்து, பழைய சீட்டு நோட்டைக் கையில் பிடித்தபடி வீடு வீடாக வந்தார். "எம்பேர்ல எவ்வளவு இருக்குதுன்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று நோட்டை நீட்டினார். மாதம் 500, சிலருக்கு 300. இந்த வேகத்தில் கடன் தீர அவர் நூறு வயது வாழ வேண்டும் என்று எங்கள் வீட்டிலேயே ஒரு கேலி எழுந்தது.

அந்தக் கேலியில் நியாயமும் உண்டு. அதைவிடக் கனமான நியாயம் அடுத்த தெருவில் உள்ள ஒரு பெண்மணியிடம் இருக்கிறது. மகள் திருமணத்திற்கென்று சேர்த்த பணம் அவருடையது. அந்தத் திருமணம் நின்றே போயிற்று. அக்கா மன்னித்ததைக் காட்டி, "நீங்களும் மன்னிச்சிருங்க, அதுதானே கிறிஸ்தவம்" என்று அன்பியக் கூட்டத்தில் ஒருவர் அவரிடம் சொல்ல, அவர் எழுந்து போய்விட்டார். அவர் போனது சரியென்றே நான் கருதுகிறேன். பிரியதத்தம் என்பது பிரியத்தால் வர வேண்டியது; கூட்டத்தில் தீர்மானம் போட்டு அதை ஒருவரிடமிருந்து பிடுங்க முடியாது. அக்காவுக்குக் கிடைத்த அருள் அந்தப் பெண்மணிக்குக் கிடைக்க ஏழு ஆண்டாகலாம், இருபதாகலாம். காத்திருக்க வேண்டியவர்கள் நாம்தானேயன்றி அவரல்லர். புண்பட்டவரை அவசரப்படுத்துவதும் ஒரு வகையில் அருளை மலிவாக்குவதே.

சீட்டு நடத்தியவருக்கு இது எவரும் சொல்லாமலே புரிந்திருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறன்று எல்லா வீடுகளிலும் அழைப்புமணியை அழுத்துகிறவர், அந்த ஒரு வீட்டில் மட்டும் அழுத்துவதில்லை. தொகையை ஓர் உறையிலிட்டுப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, நோட்டில் குறித்துக்கொண்டு போகிறார். அந்தப் பெண்மணி உறையை மாலையில் வாங்கிக்கொள்கிறார். சென்ற மாதம் அவர் உறையைப் பிரித்து எண்ணிப் பார்த்ததாகவும், "தொகை சரியா இருக்குதுன்னு சொல்லீருங்க" என்று பக்கத்து வீட்டாரிடம் சொன்னதாகவும் என் துணைவியார் சொன்னார்.