பத்துக்கு ஆறு, அப்புறம்?

ஆன்லைனில் பாடம் எடுக்கிறவர்கள் நிறைய பேர் கையில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருக்கிறார்கள். 'குட் ஜாப்'. வாரத்தில் இரண்டு சாயங்காலம் ஆன்லைனில் புரோகிராமிங் வகுப்பு எடுக்கிற எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். எது குட், எது ஜாப்?

அக்காவுக்கு வீடு சித்தூரில். அவள் பெண் திருப்பதியில் ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறாள். கல்லூரி கிரெடிட்டுக்காக என்பிடெல்லில் பைத்தான் எடுத்திருந்தாள். (ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் ஆரம்பித்தது, சான்றிதழ்க் கோர்ஸ்கள் 2014-லிருந்து.) 12 வாரக் கோர்ஸ் என்றால் பொதுவாக 12 அசைன்மென்ட்டில் சிறந்த 8-க்கு 25 மார்க், நேரில் போய் எழுதும் பரீட்சைக்கு 75. ஒரே கோர்ஸில் ஆயிரக்கணக்கானோர் என்னும்போது மெஷின்தான் திருத்த முடியும். குறை சொல்லவில்லை. ஆனால் மெஷின் மார்க்கைச் சொல்லும், ஆளைப் பார்க்காது.

மூன்று வாரமாகப் பத்துக்கு ஆறு. "விட்டுடலாம்னு இருக்கேன் மாமா, எனக்கு வராது" என்று வாட்ஸப்பில் எழுதினாள்.

தப்பான நான்கு விடைகளையும் அனுப்பச் சொன்னேன். பார்த்தால், நான்கும் ஒரே தப்பு! ரேஞ்சில் 1, 10 என்று கொடுத்தால் பைத்தான் 9-லேயே நின்றுவிடும். இவள் 10 வரை போகும் என்று நினைத்திருக்கிறாள். நாலு மார்க் போனது ஒரே ஒரு எண்ணால். இதை யாராவது சொன்னால்தானே தெரியும்?

நான் விடையைச் சொல்லவில்லை. "நாலும் ஒரே இடத்துலதான் இடிக்குது. லூப் ஒவ்வொரு சுத்துலயும் என்ன நம்பர்னு பேப்பர்ல எழுது, கடைசியா எது வருதுன்னு பாரு" என்று ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ். எழுத்தில் வேண்டாம் என்று நினைத்ததற்குக் காரணம் உண்டு. வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, கல்லூரியில் இங்கிலீஷ் என்று வளர்ந்த பெண். 'இன்கம்ப்ளீட், ரிவைஸ்' என்று இங்கிலீஷில் இரண்டு வார்த்தை போட்டால் திட்டு மாதிரியே விழும். குரலில் திட்டு இல்லை என்பது கேட்டாலே தெரிந்துவிடும்.

ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேலில் பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 1988-ல் வந்தது. மார்க் இல்லாமல் குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். குறிப்போடு மார்க்கும் பெற்றவர்கள், வெறும் மார்க் வாங்கினவர்கள் மாதிரியேதான் இருந்தார்கள். மார்க்கைப் பார்த்ததும் குறிப்பு கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் தமிழ் வகுப்பு ஓடுகிறதா? குழந்தை 'நான் பல்லிக்குப் போனேன்' என்று எழுதினால், தயவுசெய்து 'சூப்பர் கண்ணா' வேண்டாம். "எந்தப் பல்லிக்கு? செவுத்துல இருக்கே, அதுக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். அது சிரிக்கும், தானே திருத்தும், அப்புறம் ஜென்மத்துக்கும் ள மறக்காது.

அக்கா பெண்ணுக்கு அடுத்த வாரம் எட்டு. வார லீவுக்கு சித்தூர் பஸ்ஸில் போகும்போதே வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். பின்னால் கண்டக்டர் "சந்திரகிரி, சந்திரகிரி" என்று கத்துகிறார்.

"மீதி ரெண்டு ஏன் போச்சுன்னு நீங்க சொல்லவேணாம் மாமா, நானே பாத்துட்டேன்."