இன்னும் பதினாறு

"படித்துக்கொண்டிருக்கிறாள்" என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லப்படும் ஒரு மகளோ மருமகளோ உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். இந்தச் சொல்லின்மீது எனக்கு நம்பிக்கை குறைவு. எவ்வளவு முடித்தாள், எவ்வளவு மிச்சம் என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அளவு தெரியாத படிப்பு விருந்தாளி வந்தால் நிற்கும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நிற்கும். பெருநாளுக்கு முன்னும் பின்னும் நிற்கும். பிறகு ஒருநாள் நின்றே போகும். எந்த நாளில் நின்றது என்பதுகூட யாருக்கும் நினைவிராது.

எங்கள் ஊர் கீழக்கரை. நான் மணமாகி இங்கு வந்த காலத்தில் பெண்களுக்கெனத் தனிக் கல்லூரி கிடையாது. தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி 1988-இல்தான் தோன்றியது. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட என் போன்றோர் அதன் வாசலைப் பார்த்ததோடு சரி. 2013-இல் எனக்கு மருமகளாக வந்தவள் வேறோர் ஊரில் கல்லூரிப் படிப்பில் ஓராண்டு முடித்திருந்தாள். நிக்காஹ்வுடன் அது நின்றது. அந்த ஓராண்டின் மதிப்பெண் தாள், அவள் கொண்டுவந்த பெட்டியின் அடியில் பட்டுப் புடவைகளுக்குக் கீழே கிடந்தது.

2014 ஜூலையில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் முதலிலிருந்தே பி.ஏ. சேர்ந்தாள். 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம் அது. அவள் சேர்ந்த திட்டத்தில் பட்டத்திற்கு 96 கிரெடிட் வேண்டும். ஒரு கிரெடிட் என்பது 30 மணி நேரப் படிப்பு. குறைந்தது மூன்றாண்டு, கூடினால் ஆறாண்டு. ஒவ்வொரு பாடத்திலும் வீட்டிலிருந்து எழுதி அனுப்பும் ஒப்படைப்புக்கு நூற்றுக்கு 30 பங்கு. ஜூனிலும் டிசம்பரிலும் நடக்கும் தேர்வுக்கு 70 பங்கு. இரண்டிலும் தனித்தனியே 35 விழுக்காடு எடுத்தாக வேண்டும்.

இவற்றையெல்லாம் எனக்குக் கற்பித்தது அப்பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் உள்ள ஒரு பக்கம். 'கிரேடு கார்டு' என்று அதற்குப் பெயர். ஒன்பது இலக்கப் பதிவு எண்ணைத் தட்டினால் பாடங்கள் வரிசையாக வரும். எதிரே ஒப்படைப்பு மதிப்பெண், தேர்வு மதிப்பெண், கடைசியில் 'முடிந்தது' அல்லது 'முடியவில்லை' என்ற ஒற்றைச் சொல். ஆங்கிலம் அறியாத நானும் அந்த இரண்டு சொற்களின் வடிவத்தை அடையாளம் கண்டுகொண்டேன். தேர்வு முடிவு வெளியாகும்போதெல்லாம் அவள் அதை அச்செடுத்து பீரோக் கதவின் உட்புறம் ஒட்டுவாள். துணி எடுக்கத் திறப்பவர் எவரும் பார்க்காமல் தப்ப முடியாது.

கிரெடிட்டை மணியாக மாற்றிப் பார்த்தவளும் அவள்தான். 96-ஐ 30-ஆல் பெருக்கினால் 2,880 மணி. மூன்றாண்டில் முடிப்பதானால் நாள்தோறும் ஏறத்தாழ 2 மணி 40 நிமிடம்; ஆறாண்டு என்றால் 1 மணி 20 நிமிடம். சகோதரியரே, கூட்டுக் குடும்பத்தில், கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த ஒன்றேகால் மணி எங்கிருந்து வரும்? சுபுஹுக்கு முன் ஒரு மணி நேரத்தை அவளே எடுத்துக்கொண்டாள். மீதியை வீடு கொடுக்க வேண்டியிருந்தது. லுஹர் தொழுகைக்குப் பின் பாத்திரங்கள் என் பொறுப்பு என்றாயிற்று. இதைத் தியாகம் என்று பெரிதாகப் பேசுவோரை எனக்குப் பிடிக்காது. நான்கு பானையும் இரண்டு சட்டியும் தேய்த்ததற்குத் தியாகம் என்று பெயரா?

2016 முதல் 2018 வரை மூன்று ஆண்டுகளும் ஜூன் தேர்வு நோன்பு மாதத்தோடு வந்து மோதியது. ஸஹர் உணவு முடித்து, தேர்வெழுதும் ஊருக்கு முதல் பேருந்தில் கிளம்பி, வெயிலில் நாவறண்டு திரும்பி, இஃப்தாருக்குக் கஞ்சி வைக்க அடுப்படிக்கு வருவாள். அவளை வெளியே அனுப்பிவிட்டுக் கஞ்சியை நான் கிளறுவேன்.

உண்மையான சோதனை 2018-இல் வந்தது. என் மகன் சவூதியில் தம்மாமில் கணக்கு எழுதும் வேலையில் இருந்தான். தம்முடன் குடும்பத்தை வைத்திருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் ஆள் ஒன்றுக்கு மாதம் 100 ரியால் கட்ட வேண்டும் என்ற விதி 2017 ஜூலையில் அங்கு நடைமுறைக்கு வந்தது. 2018-இல் 200, 2019-இல் 300, 2020-இல் 400 என்று அது உயரும் என்பதும் முன்பே அறிவிக்கப்பட்டிருந்தது. மனைவிக்கும் பிள்ளைக்குமாக 2018-இல் மாதம் 400 ரியாலை அவனால் தாங்க முடியும். மறு ஆண்டின் 600-ஐத் தாங்குவது அரிது. "வந்தால் இப்போது வரவேண்டும், பிறகு என்னால் இயலாது" என்று தொலைபேசியில் சொன்னான். மணமாகி ஐந்தாண்டில் அவர்கள் சேர்ந்து வாழ்ந்த மாதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவன் கேட்டதில் நியாயம் இல்லை என்று யார் சொல்வார்?

"படிப்பு எப்போது முடியும்?" என்று அடுத்துக் கேட்டான். அவள் விளக்கம் ஏதும் சொல்லவில்லை. கிரேடு கார்டைப் படமெடுத்து அனுப்பினாள். முடிந்தவை 80, மிச்சம் 16. அறிவியல் தொழில்நுட்ப அடிப்படைப் பாடம் ஒன்று, விருப்பப் பாடம் ஒன்று, ஒவ்வொன்றும் 8 கிரெடிட். ஒன்று டிசம்பரில், மற்றொன்று அடுத்த ஜூனில். 2020 ஜூனுக்குள் முடிக்காவிட்டால் ஆறாண்டுக் கெடு தீர்ந்துவிடும்.

இரண்டு நாள் அவனிடமிருந்து பேச்சில்லை. மூன்றாம் நாள், "எழுதட்டும்" என்றான். "இன்னும் சில வருஷம் ஆகும்" என்று அவள் சொல்லியிருந்தால் அவன் விசா எடுத்திருப்பான் என்றே நான் எண்ணுகிறேன்.

இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அவர்களின் வாழ்க்கையை நீங்கள் படித்திருப்பீர்கள். சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, அவருடைய சகோதரி ஜொஹ்ரா தம் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். அந்த அம்மையாரின் பாசத்தை எல்லோரும் புகழ்கிறோம். எனக்குத் தோன்றும் சிறு செய்தி வேறு: தேவை இவ்வளவு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தபின் தம் கையைப் பார்த்தார்.

2019-இல் நோன்புப் பெருநாள் ஜூன் 5-ஆம் தேதி. அதற்குப் பின்னர் வந்தது அவளுடைய கடைசித் தேர்வு. முடிவு வந்தபோது எல்லா வரிகளிலும் 'முடிந்தது' என்றே இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். குடும்ப விசா மட்டும் பிறகு அமையவில்லை. மூன்று மாத விசாவில் ஒருமுறை போய் வந்தாள். அந்த ஓராண்டு அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அவர்கள் செய்தது சரியா என்பதில் உங்களுக்கு மாற்றுக் கருத்து இருக்கலாம். பட்டத்தால் வேலை கிடைத்ததா என்றும் கேட்பீர்கள், இதுவரை இல்லை. இருவரும் அதை ஒரு குறையாகப் பேசி நான் கேட்டதில்லை.

இன்று என் தம்பி மகள் கல்லூரியில் படிக்கிறாள். 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு ஏற்படுத்திய 'கல்விக் கிரெடிட் வங்கி'யில் அவளுக்கு 12 இலக்க எண் உண்டு. டிஜிலாக்கர் வழியே பார்க்கலாம். சேர்த்த கிரெடிட்கள் ஏழாண்டு வரை செல்லும் என்பது விதி. என் மருமகளின் பெட்டியடியில் கிடந்த ஓராண்டு நினைவுக்கு வருகிறது. ஆயினும், இடையில் நின்றவர் திரும்பச் சேர்வதற்கு எல்லாக் கல்லூரிகளிலும் ஒரே விதி இல்லை. உங்கள் கல்லூரியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கிரெடிட்டைக் கல்லூரிதான் ஏற்ற வேண்டும். நாமாக ஏற்ற முடியாது.

நம் பெயர்களால் வரும் தொல்லை ஒன்று உண்டு. ஆதாரில் உள்ள பெயரும் கல்லூரிப் பதிவில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். எங்கள் பெண்ணின் 'பாத்திமா' பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஆங்கில 'எஃப்' எழுத்தில் தொடங்குகிறது. ஆதாரில் 'பி'யில் தொடங்கியது. வாப்பா பெயரிலுள்ள 'முஹம்மது' ஓரிடத்தில் முழுமையாகவும் மற்றோரிடத்தில் 'எம்.டி.' என்றும் நின்றது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்தலாம். ஆகவே பத்தாம் வகுப்புச் சான்றிதழை முன்னால் வைத்துக்கொண்டு ஒரே முறையில் திருத்தினோம்.

சென்ற மாதம் அவளுக்குச் சம்பந்தம் பேசி வந்தார்கள், நல்ல குடும்பம். தம்பி அவளை அழைத்து, கைப்பேசியை எடுத்துவரச் சொன்னான். மொத்தம் 140, மிச்சம் 46. மாப்பிள்ளையின் தகப்பனார் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் பார்த்தார். "ஒரு வருஷம்தானே, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பையை எடுத்தார்.