மிஞ்சிய குளிசையும் மிஞ்சிய உமியும்

நெல் விளையும் ஊரிலே பிறந்தவர்களுக்கு உமியின் அருமை தெரியாது. தெரிந்ததெல்லாம் அதன் தொல்லையே. எம் சிறு பிராயத்திலே, பரந்தன் பக்கத்து அரிசி ஆலைகளின் பின்புறத்தே உமி மலைபோற் குவிந்து கிடக்கும். காற்றடித்தால் கண்ணிலே விழும், கிணற்றிலே விழும், கொடியிலே உலரும் துணியிலே ஒட்டும். நெல் அவிக்கும் அடுப்புக்குச் சிறிது போகும். செங்கற் சூளைக்குச் சிறிது போகும். காலையிற் பல் விளக்க உமிக்கரியாகச் சிறிது போகும். எஞ்சிய குவியலுக்கு யாரேனும் தீ மூட்டிவிட்டுப் போவர். அது நாட்கணக்காகப் புகைந்துகொண்டே கிடக்கும். பயனற்ற உழைப்புக்கு 'உமி குத்திக் கை சலித்ததுபோல' என்று உவமை சொன்ன முன்னோர் உமிக்குக் கொடுத்த மதிப்பும் அவ்வளவுதான்.

மிஞ்சிய பொருள்கள் இரண்டைப் பற்றியே இன்று வாசகர்களுடன் பேச விரும்புகின்றோம். ஒன்று எம் வீட்டு அலுமாரியிலே மிஞ்சிக் கிடந்தது. மற்றது ஆலை வளவிலே மிஞ்சிக் கிடந்தது. முன்னையதைப் பொன்போலக் காத்தோம். பின்னையதைக் குப்பையென்று எரித்தோம். இரண்டிலுமே தவறிவிட்டோம் என்பதை எம் பெரியம்மாவின் நோய் எமக்குக் கற்பித்தது.

பெரியம்மாவுக்கு நீரிழிவு வந்து பதினாறு ஆண்டுகள். சலரோகம் என்றே அவர் அதனைச் சொல்வார். சிக்கனமானவர், எதனையும் எறியமாட்டார். பழைய பால்மாப் பேணி ஒன்றிலே அவர் சேர்த்து வைத்திருந்த மிச்சக் குளிசைகளைக் கண்டால் சிறு மருந்துக்கடை ஒன்றே வீட்டிலிருப்பதாகத் தோன்றும். 2023ஆம் ஆண்டு மார்கழி மழையோடு அவருக்குச் சலக்கடுப்புத் தொடங்கிற்று. அவர் பேணியைத் திறந்தார்.

"போன முறை டொக்டர் தந்ததிலை நாலு மிச்சம் கிடக்குது தம்பி. அதைப் போட்டால் சரியாய்ப் போயிடும்" என்றார்.

நாம் தடுத்தோமில்லை. கொட்டும் மழையில் வைத்தியசாலைக்கு அலையாமல் தப்பினோம் என்று உள்ளூர மகிழ்ந்தோம் என்பதையும் மறையாமற் சொல்லிவிட வேண்டும். இரண்டு நாள் கடுப்புத் தணிந்தது போலிருந்தது. நான்கு குளிசையும் தீர்ந்த பின், அதே குளிசையில் இன்னும் ஆறினை வைத்தியர் துண்டில்லாமலே கடையில் வாங்கிக் கொடுத்தவர்களும் நாமே. ஆறாம் நாள் இரவு பெரியம்மாவுக்கு நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டது. விலாப்புறம் நோகிறதென்று முனகினார். பின்பு, மறைந்துபோன எம் தந்தையாரின் பெயரைச் சொல்லி எம்மை அழைக்கத் தொடங்கினார். அப்பொழுதுதான் எமக்கு அச்சம் பிடித்தது.

வைத்தியசாலையிலே அவருடைய இரத்தச் சீனி 380ஐத் தாண்டியிருந்தது. கிருமி சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது என்றார்கள். சலத்தை எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் வந்த அறிக்கையை இளம் வைத்தியர் ஒருவர் எமக்குக் காட்டினார். மருந்துப் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் எதிரேயும் ஓர் எழுத்து: மருந்து வேலை செய்யுமாயின் 'எஸ்', கிருமி எதிர்த்து நிற்குமாயின் 'ஆர்'. பெரியம்மாவின் தாளிலே 'ஆர்' என்னும் எழுத்தே நிறைந்திருந்தது. அவர் விழுங்கிய குளிசையின் எதிரேயும் அதுவே.

"மிஞ்சின குளிசையை எடுத்தது முதற் பிழை. சலத்தைச் சோதிக்காமல் எடுத்தது இரண்டாவது பிழை. இப்போது எங்களிடம் மிஞ்சியிருப்பது ஊசி மருந்து இரண்டு மூன்றுதான்" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

பத்து நாள் ஊசிக்குப் பின் பெரியம்மா பிழைத்து வந்தார். ஆயினும் அவருடைய சிறுநீரகத்தின் வலு முன்போல மீளவில்லை.

நீரிழிவுள்ளோரை இந்நோய் ஏன் நாடி வருகின்றது? இரத்தத்திலே சீனி மிகும்போது அது சிறுநீரிலும் கசிகின்றது. இனிப்பான நீர் கிருமிகளுக்கு நல்ல விளைநிலம். மிகுந்த சீனியால் இரத்தத்தின் வெண்கலங்கள் கிருமியோடு பொருதும் வலுவிலே தளர்கின்றன. நாட்பட்ட நீரிழிவினால் நரம்பு கெட்டால் சிறுநீர்ப்பை முற்றாக வெறுமையாவதில்லை. தேங்கிய நீரிலே கிருமி பெருகுகின்றது. இக்கிருமிகளுள் முதன்மையானது நம் குடலிலே சாதாரணமாக வாழும் எசரிக்கியா கோலை என்னும் பற்றீரியா. குடலில் இருக்கும்வரை அது பெரும்பாலும் சாது. சிறுநீர்ப் பாதையிலே புகுந்தால் பகைவன்.

அப்பகைவன் மருந்தை வெல்லக் கற்றது நேற்றன்று. பென்சிலின் பொதுமக்கள் கைக்கு வருமுன்னரே, 1940ஆம் ஆண்டில், அம்மருந்தை அழிக்கும் நொதியம் ஒன்று இந்தக் கோலைக் கிருமியிடமே உண்டென ஏபிரகாம், செயின் என்னும் அறிஞர் இருவர் கண்டு வெளியிட்டனர். பென்சிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங், 1945இல் நொபெல் பரிசு பெற்று ஆற்றிய உரையிலே, போதாத அளவில் மருந்தை உட்கொள்பவன் கிருமிக்கு எதிர்ப்பைப் பழக்கிவிடுவான் என்று எச்சரித்தார். நாம் ஒருமுறை நுண்ணுயிர்கொல்லியை விழுங்கும்போது வலுவற்ற கிருமிகள் மாள்கின்றன. எதிர்க்க வல்லவை எஞ்சிப் பெருகுகின்றன. அத்திறனைத் தம் பரம்பரைக்கு மட்டுமன்றி அயலிலுள்ள கிருமிகளுக்கும் அவை கைமாற்றுகின்றன. மருந்தை எதிர்க்கும் பற்றீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என அறிஞர் கணக்கிட்டுள்ளனர். அப்பெருங்கணக்கினுள்ளே சேராமல் எம் பெரியம்மா மயிரிழையில் தப்பினார்.

அவர் வீடு திரும்பிய வாரத்திலே, பல்கலைக்கழகத்தில் இரசாயனம் பயிலும் எம் மருமகள் விடுமுறைக்கு வந்தாள். வந்தவள் கேட்ட முதற் காரியம் எமக்கு வேடிக்கையாக இருந்தது.

"மாமா, ஆலையிலை ஒரு சாக்கு உமி எடுத்துத் தருவீங்களோ? படிப்புக்கு வேணும்" என்றாள்.

உமியிலே என்ன படிப்பு என்று கேட்டோம். அன்று மாலை திண்ணையிலே இருந்தபடி அவள் சொன்னவற்றைச் சுருக்கி இங்கே தருகின்றோம்.

நெற்பயிர் தன் வேரினால் மண்ணிலுள்ள சிலிக்கனை நீரோடு உறிஞ்சுகின்றது. இலையிலும் தாளிலும் உமியிலும் அது சிலிக்காவாகப் படிகின்றது. மணலிலும் கண்ணாடியிலும் உள்ள பொருளும் அதுவே. பூச்சியும் பூஞ்சணமும் எளிதில் துளைக்காதபடி நெல்மணிக்கு அது கவசமாகின்றது. உமிக்கரி பல்லைத் துலக்கியதற்கும் அந்தச் சிலிக்காவின் சொரசொரப்பே காரணம். 100 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 20 கிலோ உமி கிடைக்கும். அதனை முற்றாக எரித்தால் சுமார் 4 கிலோ சாம்பல் மிஞ்சும். அச்சாம்பலிலே பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா! உலகிலே ஆண்டுதோறும் 70 கோடி தொன்னுக்கு மேல் நெல் விளைகின்றது என்பதை நினைத்தால், நாம் எறிவது எத்துணைப் பெரிய செல்வம் என்பது விளங்கும்.

ஆனால் கண்டபடி எரித்தல் ஆகாது. உமியை அமிலத்திலே கழுவி உலோக அழுக்குகளை நீக்கி, ஏறக்குறைய 600 பாகை செல்சியஸ் வெப்பத்திலே அளவறிந்து எரித்தால் வெண்ணிறமான தூய சிலிக்கா கிடைக்கும். வெப்பம் மிக ஏறினால் அது பளிங்குருவாக மாறும். பளிங்குருச் சிலிக்காவின் தூசு நுரையீரலுக்கு நஞ்சு. வெண்சாம்பலைச் சோடியம் ஐதரொட்சைட்டிலே கரைத்து, மீண்டும் அமிலம் சேர்த்தால் கூழ்போலச் சிலிக்கா திரண்டு வரும். திரளும்போது தக்க பொருள்களைச் சேர்த்துப் பின்னர் நீக்கிவிட்டால், தேன்கூட்டைப்போல ஒழுங்கான துளைகள் கொண்ட துகள்கள் உண்டாகும். இத்தகைய துளைச் சிலிக்காவை 1992ஆம் ஆண்டில் மொபில் நிறுவனத்து ஆய்வாளர் விளக்கி வெளியிட்டனர். அதற்குள் மருந்தை வைத்து மெல்ல மெல்ல வெளிவிடச் செய்யலாம் என்பதை 2001இல் ஸ்பானிய ஆய்வாளர் காட்டினர். அத்துளைகளின் உட்சுவர்களையெல்லாம் விரித்துப் பரப்பினால், ஒரு கிராம் தூளின் பரப்பு 1000 சதுர மீற்றர் அளவுக்கு வரும். எம் ஊர்க் கணக்கிலே அது ஏறத்தாழ நாலு பரப்புக் காணி!

"சிலிக்கா தானாய்க் கிருமியைக் கொல்லாது மாமா. அது பாத்திரம். அதுக்குள்ளே மருந்தை வைப்பினம். இல்லாட்டில் வெள்ளியையோ துத்தநாக ஒட்சைட்டையோ மேலே படிய விடுவினம். மருந்தை எதிர்க்கிற கிருமியை இதுகள் அடக்குமோ எண்டுதான் பல இடங்களிலை சோதிக்கினம்" என்றாள் மருமகள்.

நெல்லைக் காத்த உறை மருந்தைக் காக்கும் உறையாவது எண்ணிப் பார்க்க இனிமையாகத்தான் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்த பெரியம்மாவுக்கோ வேறு எண்ணம்.

"அப்ப பிள்ளை, அந்த உமி மருந்து எப்ப வரும்? எனக்குத் திரும்பக் கடுத்தால் அதைக் குடிக்கலாமோ?"

மருமகள் உடனே விடை சொல்லவில்லை. பொய்யான நம்பிக்கை கொடுக்க அவள் விரும்பவில்லை என்பது முகத்திலே தெரிந்தது. கண்ணாடித் தட்டிலே கிருமியை அடக்குவது ஒரு படி; மனித உடலிலே தீங்கின்றி அதனைச் செய்வது நெடுந்தூரத்துப் படி. அத்துகள்கள் எங்கே தங்கும், எவ்வழியே வெளியேறும், நீரிழிவினால் ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகம் அவற்றைத் தாங்குமா என்பனவெல்லாம் ஆராயப்பட வேண்டியவை. வெள்ளியையும் எதிர்க்கக் கற்ற கிருமிகள் உண்டு.

"இப்ப குடிக்க ஏலாது அம்மம்மா. நீங்கள் எறியிற உமியிலை நல்ல பாத்திரம் செய்யலாம். ஆனால் உள்ளே வைக்க வலுவான மருந்து ஒன்று மிஞ்சியிருக்க வேணுமே" என்றாள்.

அவள் சாதாரணமாகச் சொன்ன அச்சொல் எம் நெஞ்சிலே தைத்தது. புதிய பாத்திரத்தை வனைய அறிவாளர் ஆய்வுகூடங்களிலே பாடுபடுகின்றனர். நாமோ, அப்பாத்திரத்தில் இடவேண்டிய மருந்தின் வலுவை வீட்டு அலுமாரியிலே இருந்தபடி அழித்துக்கொண்டிருக்கின்றோம்.

ஆதலால் வைத்தியர் எமக்குச் சொன்னவற்றை வாசகர்களுக்கும் சொல்லுதல் கடனாகும். சலக்கடுப்புக் கண்டால் முதலிலே வைத்தியரிடம் செல்க. நீரிழிவுள்ளோர் நுண்ணுயிர்கொல்லியைத் தொடங்குமுன் சலத்தைச் சோதனைக்குக் கொடுக்க. வைத்தியர் குறித்த நாள்வரை குறித்த அளவிலே மருந்தை எடுக்க. மிஞ்சியதை அடுத்த நோய்க்கென்று வைத்தலும் அயலாருக்குக் கொடுத்தலும் ஆகா. சென்ற முறை வந்த கிருமியே இம்முறையும் வந்ததென்று யார் சொல்ல வல்லார்? கடுப்போ காய்ச்சலோ எதுவுமின்றிச் சோதனையிலே மட்டும் கிருமி தெரிந்தால், பெரும்பாலும் மருந்து வேண்டியதில்லை. அவ்வாறிருந்த நீரிழிவுப் பெண்களுக்கு மருந்து கொடுத்தும் பின்விளைவுகள் குறையவில்லை என 2002இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. சீனியைக் கட்டுக்குள் வைத்தல், சலத்தை அடக்காதிருத்தல், வைத்தியர் தடுக்காவிடிற் போதிய நீர் அருந்துதல் ஆகியன எந்த ஆய்வுகூடத்துக்கும் காத்திராமல் இன்றே செய்யக்கூடியவை.

மறுநாட் காலை பெரியம்மா எம்மை அழைத்துப் பேணியை நீட்டினார். "இதைக் கொண்டுபோய் மருந்துக்கடையிலை குடு தம்பி. குப்பையிலை கொட்டாதை, கிணத்தடியிலும் கொட்டாதை" என்றார். கொடுத்துவிட்டு வெறும் பேணியோடு திரும்பினோம். அதனையும் எறிய அவருக்கு மனம் வரவில்லை, கழுவிக் காயவைத்தார்.

மருமகள் கொண்டுபோனது போக, சாக்கின் அடியிலே சிறிது உமி கிடந்தது. மருமகளோ ஆய்வுகூடத்திலே இன்னும் அதை எரித்து, கரைத்து, நிறுத்துக்கொண்டிருக்கிறாள். அவள் காரியம் கைகூட எத்தனை ஆண்டு செல்லுமோ அறியோம். எம் காரியத்துக்கோ ஆண்டுகள் வேண்டியதில்லை. இப்பொழுது மழை பெய்தாலும் வெயில் எறித்தாலும், பெரியம்மாவுக்குக் கடுத்தால் முதலிலே சோதனைப் போத்தலோடு புறப்படுகின்றோம்.