தவளைக்கு எந்த ஊர்?

வெளிமாநிலங்களில் வளரும் தமிழ்க் குழந்தைகள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. "உனக்கு எந்த ஊர்?" என்பதே அது. திருமண வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். தொடர்வண்டியில் எதிரே அமர்ந்திருப்பவர் கேட்பார். நாக்பூரில் பிறந்து, அங்கேயே படித்து, வீட்டில் தமிழ் பேசி வளரும் சிறுமி ஒருத்தி இக்கேள்வியைக் கேட்டதும் சற்றே தயங்குகிறாள். "நாக்பூர்" என்றால், "அது சரி அம்மா, சொந்த ஊர் எது?" என்று அடுத்த கேள்வி வரும். தாத்தாவின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரைச் சொன்னால், "அங்கே எந்தத் தெரு?" என்பார்கள். தெருவின் பெயர் அவளுக்குத் தெரியாது.

இதே கேள்வியை உயிரியல் அறிஞர்கள் தவளையிடமும் பாம்பிடமும் பல்லியிடமும் கேட்கின்றனர். 'இவ்வுயிர் எங்கே வாழ்கிறது? அங்கே எப்படி வந்து சேர்ந்தது?' இக்கேள்விகளுக்கு விடை காண்பது, பூமியின் பழைய வரலாற்றைப் படிப்பதற்கு ஒப்பாகும்.

உலகில் 8,000-க்கும் மேற்பட்ட இருவாழ்வி இனங்களும், 12,000-ஐ நெருங்கும் அல்லது அதையும் கடந்த ஊர்வன இனங்களும் அறியப்பட்டுள்ளன. இவற்றுள் பெரும்பாலானவை வெப்பமண்டலத்தில் வாழ்கின்றன. பிரேசில் நாட்டில் மட்டும் 1,000-க்கும் மேற்பட்ட இருவாழ்வி இனங்கள் உண்டு. இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இவ்வுயிர்களின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைச் சார்ந்தது; ஆகவே ஆண்டு முழுவதும் குளிர் வாட்டாத நிலம் இவற்றுக்கு ஏற்றது. தவளையின் தோல் மெல்லியது, ஈரம் நிறைந்தது. அத்தோல் வழியாகவும் அது சுவாசிக்கிறது. அதன் முட்டைக்கு ஓடு இல்லை. எனவே வெப்பத்தோடு மழையும் சேர்ந்த காடுகளில் தவளை இனங்கள் பெருகின.

மெல்லிய தோல் தவளைக்கு ஓர் எல்லையையும் வகுத்தது. உப்புநீர் அத்தோலின் ஈரத்தை உறிஞ்சிவிடும். மிகச் சில இனங்களைத் தவிர, தவளைகளுக்குக் கடல் ஒரு மதில். ஊர்வனவற்றின் நிலை வேறு. செதில் போர்த்த தோல் அவற்றின் உடல்நீரைக் காக்கிறது. 1995-ஆம் ஆண்டு கரீபியக் கடலில் வீசிய புயல்களுக்குப் பின், வேரோடு சாய்ந்த மரங்களின் திரள் ஒன்று ஆங்குவில்லா தீவில் கரை ஒதுங்கியது. அதன்மேல் பச்சை இகுவானா என்னும் பெரும்பல்லிகள் பதினைந்துக்குக் குறையாமல் இருந்தன. அதுவரை அவ்வினம் அத்தீவில் இருந்ததில்லை. பல்லி தெப்பம் ஏறியும் தீவு சேரும். தவளைக்கு அது மிக அரிது.

இதனால்தான் 2003-ஆம் ஆண்டு வந்த ஒரு செய்தி அறிஞர்களை வியப்பில் ஆழ்த்தியது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் கிடைத்த ஒரு தவளையை, பிஜு, பிராங்கி போசூயிட் என்னும் இரு ஆய்வாளர்கள் புதிய இனமாக அறிவித்தனர். ஊதாக் கருநிறம், உப்பிய உடல், குட்டைக் கால்கள், சிறு கண்கள், பன்றியினது போன்ற கூரிய மூக்கு. ஆண்டின் பெரும்பகுதி அது மண்ணுக்கடியில் கறையான் தின்று வாழ்கிறது. மழைக்காலம் தொடங்கும்போது இனப்பெருக்கத்திற்காகச் சில நாள்கள் மட்டும் வெளியே வருகிறது. கேரள மக்கள் அதனைப் பாதாளத் தவளை என்றும், ஆண்டுக்கொருமுறை மண்ணுக்கு வரும் மன்னனை நினைத்து மாவேலித் தவளை என்றும் அழைக்கின்றனர்.

வியப்பு அதன் தோற்றத்தில் மட்டும் இல்லை. அதன் மிக நெருங்கிய உறவினர்கள் இந்தியாவில் இல்லை. ஏறத்தாழ 3,000 கிலோமீட்டருக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் நடுவே உள்ள செஷல்ஸ் தீவுகளில் அவை வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று விரல் நகத்தின் அளவே உடையது. கடலைத் தாண்ட இயலாத தவளையின் உறவு கடலுக்கு அப்பால் அமைந்தது எவ்வாறு?

தவளை கடலைக் கடக்கவில்லை. நிலமே நகர்ந்தது என்பதுதான் விடை. தொன்மைக் காலத்தில் இந்தியா, மடகாஸ்கர், செஷல்ஸ், ஆப்பிரிக்கா ஆகியவை கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலத்தின் பகுதிகளாக இருந்தன. அந்நிலம் உடைந்து துண்டுகள் விலகின. ஏறத்தாழ 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் செஷல்ஸும் இந்தியாவும் பிரிந்தன. ஒரே குலத்துத் தவளைகள் இரு கரைகளிலும் தங்கிவிட்டன. செஷல்ஸில் உள்ள காலில்லா இருவாழ்விகளுக்கும் மேற்குத் தொடர்ச்சி மலையில் உறவினங்கள் உண்டு. ஆகவே சாட்சி ஒன்றன்று.

பின்னர் இந்தியா வடக்கே நகர்ந்து ஆசியாவோடு இணைந்தது. அவ்வழியே வந்து சேர்ந்தவையும் உண்டு. மரத்துக்கு மரம் தாவிச் சறுக்கும் பறக்கும் ஓணான் மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழ்கிறது. அதன் உறவினங்கள் வடகிழக்கு இந்தியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் உள்ளன. இவ்வாறு ஒரே காட்டில், நிலத்தோடு வந்த பழங்குடியும் நிலம் சேர்ந்தபின் வந்த விருந்தும் அருகருகே வாழ்கின்றன. இன்று இரண்டுக்கும் அக்காடே ஊர்.

2017-ஆம் ஆண்டு பாதாளத் தவளையின் இரண்டாவது இனம் ஒன்று அறிவிக்கப்பட்டது. அது கிடைத்த இடம் மலையின் தமிழகப் பக்கம், ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த சரிவு. ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரை அதற்குச் சூட்டினர். அவர் 2014-இல் அகத்தியமலைப் பகுதியில் களப்பணியின்போது நேர்ந்த விபத்தால் உயிர் நீத்தவர்.

இத்தவளைகளின் தலைப்பிரட்டைகள் விரைந்தோடும் ஓடைகளில், உறிஞ்சும் வாயால் பாறையைப் பற்றிக்கொண்டு வளர்கின்றன. ஓடை வற்றினால் அல்லது அதன் போக்கு மாற்றப்பட்டால் அவை வேறிடம் தேடிச் செல்ல இயலாது. காடு தோட்டமாகவும் சாலையாகவும் மாறும்போது, கோடிக்கணக்கான ஆண்டுகள் தாக்குப்பிடித்த ஒரு குலம் சில ஆண்டுகளில் அழியக்கூடும். மனிதர்கள் பிழைப்பைத் தேடி ஊர் மாறலாம்; மாறிய ஊரையும் தம் ஊராக்கிக் கொள்ளலாம். பாதாளத் தவளைக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதற்கு இருப்பது ஒரே ஊர்.

நாக்பூர்ச் சிறுமிக்கோ இரண்டு ஊர்கள். இரண்டையும் அவள் தயங்காமல் சொல்லலாம். தாத்தாவின் தெருப் பெயரை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவ்வூருக்கு மேற்கே நிற்கும் மலையில், மண்ணுக்கடியில் யார் குடியிருக்கிறார் என்பதை அவள் தாத்தாவுக்குச் சொல்லலாம்.

சொற்பொருள்

இருவாழ்வி – நீரிலும் நிலத்திலும் வாழும் உயிர்
ஊர்வன – பாம்பு, பல்லி, ஆமை, முதலை முதலியன
மதில் – கோட்டைச் சுவர்
தெப்பம் – மிதவை
தலைப்பிரட்டை – தவளையின் இளம்பருவ உயிர்

சிந்தித்து எழுதுக

1. தவளைக்குக் கடல் மதிலாக அமைவது ஏன்?
2. "தவளை கடலைக் கடக்கவில்லை, நிலமே நகர்ந்தது" – விளக்குக.
3. உன் பெற்றோரின் ஊரில் வாழும் ஓர் உயிரினத்தைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டுப் பத்து வரிகளில் எழுதுக.