புள்ளி பார்த்துப் பொறுமை அறியலாம்!

இங்கிலாந்தின் வடமேற்கில், செம்மறிகள் மேயும் குன்றுகளுக்கு நடுவே நீண்டு கிடக்கிறது விண்டர்மியர் ஏரி. அந்நாட்டின் மிகப்பெரிய இயற்கை ஏரி இது. நீளம் சுமார் 17 கிலோமீட்டர். கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குப் போக, இரும்பு வடத்தைப் பிடித்து நகரும் படகு ஒன்று இருக்கிறது. காரையே அதில் ஏற்றிக்கொண்டு போகலாம். அக்கரையில் இறங்கினால், பக்கத்திலேயே ஃபெரி ஹவுஸ். நன்னீர் மீன் ஆய்வுக்குப் பல்லாண்டுகள் பேர்பெற்ற இடம்.

1990-களின் பிற்பகுதியில், விண்டர்மியர் ஆய்வகத்தின் பாட்டிங்கர், கேரிக் இருவரும் ரெயின்போ ட்ரவுட் மீன்களை எடுத்துக்கொண்டார்கள். நீலகிரியில் அவலாஞ்சி பொரிப்பகத்தில் வளர்வதும் இதே இனம்தான்.

வலை வீசிப் பிடிப்பது, தரம் பிரிப்பது, வண்டியில் ஏற்றுவது என எதைச் செய்தாலும் மீன் பதறும். அப்போது அதன் ரத்தத்தில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். பதற்றம் நீடித்தால் மீன் இரை எடுக்காது, நோய்க்கும் எளிதில் இடம் கொடுக்கும். இதில் எல்லா மீனும் ஒன்றல்ல. மீன்களைக் குறுகிய இடத்தில் சிறிது நேரம் அடைத்து, ரத்தத்தைச் சோதித்தார்கள் அந்த இருவரும். திரும்பத் திரும்பச் சோதித்தபோதும் சில மீன்களுக்குக் கார்டிசால் எகிறியது. சிலவற்றுக்குக் குறைவாகவே ஏறியது. இரண்டு வகையையும் தனித்தனியாக இனப்பெருக்கம் செய்தார்கள். குஞ்சுகளும் பெற்றோரைப் போலவே இருந்தன. பதற்றமும் பரம்பரைச் சொத்து என்பது தெளிவானது.

அந்த இரண்டு வழி மீன்களின் தோலை நார்வே ஆய்வாளர்கள் கவனித்தார்கள். 2009-ல் வெளியான அவர்களின் ஆய்வுப்படி, பதறாத வழி மீன்களின் உடலில் கரும்புள்ளிகள் அதிகம். பண்ணை சால்மன் மீன்களிலும் இதே போக்குதான்.

தோலுக்கும் பதற்றத்துக்கும் என்ன சம்பந்தம்? மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில், ஒரே மரபணுவிலிருந்து உருவாகும் புரதம் துண்டு துண்டாகப் பிரிந்து பல ஹார்மோன்களாகிறது. அதில் ஒன்று கார்டிசாலைச் சுரக்கச் சொல்கிறது. இன்னொன்று தோலின் கருநிறத்தைக் கூட்டுகிறது. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. அதனால்தான் இரண்டு குணமும் சேர்ந்து வரக்கூடும் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

பதறாத மீன் என்றால் சாது என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டிரண்டாக விட்டுப் பார்த்தபோது, பெரும்பாலும் பதறாத வழி மீனே மற்றதை அடக்கியது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சண்டையில் தோற்ற மீன் உடல் முழுக்கக் கறுத்துப்போவதுண்டு. அது பதற்றத்தால் வரும் கறுப்பு. பிறவிப் புள்ளி வேறு, இந்தக் கறுப்பு வேறு.

ட்ரவுட், சால்மன் மீன்களில் கண்ட இந்தப் புள்ளிக் கணக்கை கட்லா, ரோகுவுக்கு அப்படியே பொருத்தக் கூடாது. ஆனால், விண்டர்மியர் சொல்லும் பாடம் ஒன்று உண்டு. தாய்மீனைத் தேர்ந்தெடுக்கும்போது எடையை மட்டும் பார்த்தால் போதாது. வலை போட்ட பிறகு எந்த மீன் முதலில் இரைக்கு வருகிறது என்பதையும் கவனிக்கலாம். அதற்கு ஆய்வகம் தேவையில்லை. குளக்கரையில் நின்று பார்க்கும் பொறுமை போதும்.