முட்டுக்கட்டை

லேத் பட்டறைக்காரர் சிலிண்டரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு பழந்துணியால் துடைத்து எங்கள் கையில் கொடுத்தார். "இதோட முடிஞ்சது தம்பி. இனிமே இதுல போர் போட முடியாது." கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குத் திரும்பிவிட்டார். அவருக்கு அது ஒரு தகவல் மட்டுமே. நாங்கள் மூவரும் வெயிலில் நின்றபடி, கையில் இருந்த இரும்பின் ஆயுளைப் பற்றி யோசிக்கத் தொடங்கினோம்.

ஆர்டி 350 என்ற அந்த வண்டியின் சிலிண்டர் ஆலையிலிருந்து வரும்போது 64 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. ஓடி ஓடித் தேயும்போது கால் மில்லிமீட்டர் கடைந்தெடுத்து, அந்த அளவுக்குப் பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். இப்படி நான்கு முறை செய்யலாம். எங்கள் கைக்கு வந்தபோதே அது மூன்று முறை கடையப்பட்டிருந்தது. இப்போது 65. உள்ளே புதிய உறை செருகிக்கொள்ள வழி உண்டு என்பது உண்மைதான். ஆனால் டூ ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில்தான் அதன் மூச்சுத் துளைகள் எல்லாம் இருக்கின்றன. புதிய உறையில் அவற்றைப் பிசகின்றித் திறக்க வேண்டும். பழைய பாட்டை அப்படியே பாடும் புதிய தொண்டை கிடைப்பது அரிது.

இந்த வண்டியை எங்களுக்குக் கொடுத்தவர் எங்களில் ஒருவனின் பெரியப்பா. 1986இல் வாங்கினாராம். யமஹா 1973இல் உலகச் சந்தைக்குக் கொண்டுவந்த வண்டியை, பத்தாண்டுகள் கழித்து, 1983இல், எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ராஜ்தூத் என்ற பெயரோடு இங்கே தயாரிக்கத் தொடங்கியது. அசல் வண்டியின் 39 குதிரைத்திறன் இங்கே முப்பதை ஒட்டி நின்றது. முன்சக்கரத்து டிஸ்க் பிரேக்குக்குப் பதிலாக டிரம் பிரேக் வைத்தார்கள். அப்படியும் அன்றைய சாலைகளுக்கு அது அதிகப்படியான வேகம். பெட்ரோல் குடிப்பதில் அதற்கு நிகர் அதுவே. 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 வந்து, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கேள்வியை நாட்டின் ஒரே கேள்வியாக ஆக்கிவிட்டபின் இந்த வண்டிக்கு இடமில்லாமல் போயிற்று. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தயாரிப்பும் ஏறத்தாழ நின்றுபோனது.

பெரியப்பா பந்தயம் ஓட்டியவரல்லர், பார்த்தவர். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களுக்கு ஆண்டு தவறாமல் போயிருக்கிறார். வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் வெயிலில் நின்றதையும், காற்றில் வந்த விளக்கெண்ணெய் வாசத்தையும் அவர் சொல்லும்போது திருவிழாவுக்குப் போய்வந்த குழந்தையின் முகம் வந்துவிடும். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத்தடம் அமைந்தது. சோழவரம் பழங்கதையாயிற்று. பெரியப்பாவின் வண்டியும் மாடிப்படிக்கு அடியில் சாக்குப் போர்த்தி நின்றுவிட்டது.

2015இல் நாங்கள் கேட்டபோது அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். "ஓட்றதா இருந்தா எடுத்துக்கிட்டுப் போங்க. தொடச்சுத் தொடச்சு வைக்கறதா இருந்தா அது இங்கேயே இருக்கட்டும்."

எளிதான நிபந்தனை என்றுதான் அன்று நினைத்தோம்.

எங்களில் ஒருவன் வங்கி எழுத்தர், ஒருவன் கல்லூரி விரிவுரையாளர், மற்றவன் மென்பொருள் ஊழியன். மூவரில் ஒல்லியானவன் விரிவுரையாளன். ஆகவே ஓட்டுநர் தேர்தலில் போட்டியே இருக்கவில்லை. மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் புதுப்பேட்டைச் சந்துகளிலும், எங்களுக்குக் குருவாக வாய்த்த ஒரு மெக்கானிக் அண்ணனின் பட்டறையிலும் கழிந்தன. பந்தயத்துக்கு வண்டியைத் தயார் செய்வது என்றால் எதையெதையோ சேர்ப்பது என்று எண்ணியிருந்தோம். பெரும்பாலும் அது கழற்றும் வேலைதான். முகப்பு விளக்கு, கண்ணாடிகள், ஸ்டாண்டு, கைகாட்டி விளக்குகள், ஹாரன் எல்லாம் போயின. எண்ணெயைத் தானே அளந்து ஊற்றும் பம்பையும் அண்ணன் கழற்றினார். எண்ணெய் வருகிறதா என்ற சந்தேகத்தோடு ஓட்டக்கூடாது என்பது அவர் கட்சி. பெட்ரோலிலேயே 25க்கு 1 என்று எண்ணெயைக் கலந்துவிட்டால் சந்தேகம் டேங்கோடு தீர்ந்துவிடும்.

பிறகு கட்டும் வேலை. எண்ணெய் வடிக்கும் போல்ட்டின் தலையில் துளையிட்டு, மெல்லிய எஃகுக் கம்பியைக் கோத்து, தளர்ந்தாலும் கழன்றுவிடாதபடி முறுக்கிக் கட்ட வேண்டும். எங்களுடைய ஒரு துளி எண்ணெய் தடத்தில் விழுந்தால் பின்னால் வருகிறவனின் எலும்பு முறியும். அந்தக் கம்பியை முறுக்கும்போதெல்லாம், முகம் தெரியாத ஒருவனுக்கு வாக்குக் கொடுப்பதாகவே எங்களுக்குத் தோன்றும்.

அண்ணன் கற்றுக்கொடுத்தவற்றில் முதன்மையானது பிளக் வாசிப்பு. முழு வேகத்தில் ஓட்டி, அதே நொடியில் இன்ஜினை அணைத்து, கிளட்சைப் பிடித்து, உருட்டிக் கொண்டுவந்து நிறுத்தி, பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம், சூடு அதிகம், ஆபத்து. காபிப்பொடி நிறம் வந்தால் சரி. எழுத்தறிவித்தவன் இறைவன் என்பார்கள். எங்களுக்கு இந்த எழுத்தை அறிவித்தவர் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்.

இரண்டாவது பாடம் காது. "பவரு போறதுக்கு முன்னாடி சத்தம் மாறும் தம்பி. சத்தம் மாறினா யோசிக்காத. கிளட்சைப் பிடி. ஆக்சிலேட்டரை மட்டும் விட்டுட்டா போதும்னு நெனைக்காத." அதற்கு ஒரு காரணம் இருந்தது. பெட்ரோலோடு சேர்ந்தே எண்ணெய் உள்ளே போகும் இன்ஜினில், வேகத்தில் ஆக்சிலேட்டரை மூடினால் எண்ணெயும் நின்றுபோகும். சக்கரமோ இன்ஜினை விடாமல் சுழற்றிக்கொண்டிருக்கும். வறண்ட சுவரில் சூடான பிஸ்டன் கவ்விக்கொள்ளும். பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஆகவே எங்கள் ஓட்டுநரின் இடக்கையின் இரண்டு விரல்கள் எப்போதும் கிளட்சின் மேல் இருக்க வேண்டும் என்பது சட்டமாயிற்று.

இந்த நிலையில்தான் லேத் பட்டறைக்காரர் அந்தத் தகவலைச் சொன்னார். அன்று இரவு எங்களுக்குள் நடந்தது சண்டை என்றே சொல்ல வேண்டும். வங்கிக்காரன் கணக்குப் போட்டான். இதுவரை ஆன செலவு, இதே வண்டியைப் பழுதின்றிப் பளபளவென்று வைத்திருந்தால் சேகரிப்பாளர்கள் கொடுக்கும் விலை, ஒரு முறை பிஸ்டன் கவ்வினால் ஆகும் நட்டம். மென்பொருள்காரனுக்கும் தயக்கம். இனி தயாரிக்கப்படாத ஒன்றை அழிக்க நமக்கு என்ன உரிமை என்று கேட்டான். அவர்கள் சொன்னதில் தவறில்லை. ஒவ்வொரு பந்தயமும் அந்தச் சுவரில் கொஞ்சத்தைத் தின்னத்தான் செய்யும். நாம் நேசிப்பதை நாமே தேய்ப்பதற்குப் பெயர் நேசமா?

விரிவுரையாளன் திருவாரூர்ப் பக்கத்துக்காரன். அவன் நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, தன் ஊர்த் தேரைப் பற்றிச் சொன்னான். அவன் சிறுவனாயிருந்தபோது ஊர் வழக்கு ஒன்றினால் பல ஆண்டுகள் தேர் ஓடவில்லை. தகரக் கொட்டகைக்குள் பத்திரமாகத்தான் நின்றது. யாரும் தொடக்கூட இல்லை. வழக்கு தீர்ந்து திறந்தபோது கரையான் அரித்து, அச்சு இற்றுப்போயிருந்தது. ஆண்டுதோறும் ஓடிய காலத்திலோ, ஓட்டத்துக்கு முன்னால் தச்சர் வந்து தட்டிப் பார்ப்பார். இற்ற மரத்தை மாற்றுவார். ஓட்டம் இருந்ததால்தான் பழுது பார்ப்பும் இருந்தது. "சக்கரம் மாத்தினா தேர் வேற தேராயிடுமா?" என்று கேட்டான். பிறகு, "தேருக்குப் பக்கத்துல முட்டுக்கட்டையோட ஓடற ஆளுங்களப் பாத்திருக்கீங்களா? வடம் பிடிக்கறவன் ஆயிரம் பேர். தேர் வீட்டுச் சுவர்ல மோதாம திரும்பறது அந்த நாலு பேரால" என்றான்.

வழக்கில் தீர்ப்பு என்று எதுவும் சொல்லப்படவில்லை. மறுநாள் காலை வங்கிக்காரன்தான் முதலில் பட்டறைக்கு வந்திருந்தான்.

2018இல், பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கென்று ஒரு பிரிவு இருந்த கிளப் பந்தயம் ஒன்றில் பெயர் கொடுத்தோம். ஆறு சுற்று, சுற்றுக்கு ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். காலைப் பயிற்சி முடிந்து பிளக்கைக் கழற்றினால் வலப்பக்கம் காபிப்பொடி, இடப்பக்கம் வெளுப்பு. எங்கள் முகமும் அதே நிறத்துக்கு வந்தது. எங்கிருந்தோ காற்று நுழைகிறது. கிராங்கின் இடப்பக்க ஆயில் சீல் போயிருந்தால் அன்றைய நாள் முடிந்தது. இன்ஜினைப் பிரிக்காமல் ஒன்றும் செய்ய முடியாது. அண்ணன் இன்ஜினை ஓடவிட்டு, கார்புரேட்டர் கழுவும் ஸ்பிரேயை இணைப்புகளின் மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சினார். ஓரிடத்தில் சத்தம் மாறியது. கார்புரேட்டரைத் தாங்கும் ரப்பர் இணைப்பில் மயிரிழை வெடிப்பு. சீல் அல்ல, ரப்பர்! கோயில் மணி கேட்டது போலிருந்தது. ஆனால் மாற்று ரப்பர் எங்களிடம் இல்லை.

அடுத்த கொட்டகையில் இருந்தவர் எங்கள் தவிப்பைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நரைத்த தாடிக்காரர், அவரிடமும் ஆர்டிதான். ஒன்றும் கேட்காமல் தன் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு ரப்பரை எடுத்து நீட்டினார். விலை கேட்டதற்கு, "ரேஸ் முடிஞ்சு பாத்துக்கலாம் தம்பி. மொதல்ல வண்டி ஸ்டார்ட்டிங் லைனுக்கு வரட்டும்" என்றார். கிளப் பந்தயம் என்றால் என்ன என்று யாராவது எங்களைக் கேட்டால், விதிகளைச் சொல்வதற்கு முன் இந்தத் தகரப் பெட்டியைத்தான் சொல்வோம். நம்மை வெல்லப்போகிறவரே நம்மைப் புறப்பட வைக்கும் இடம் அது.

நண்பகலில் பந்தயம். பதினான்கு வண்டிகள். பெரியப்பா தொப்பியும் தண்ணீர்ப் புட்டியுமாகப் பார்வையாளர் படிகளில் இருந்தார். கொடி இறங்கியதும் எழுந்த நீலப்புகையில் எதுவும் தெரியவில்லை. விளக்கெண்ணெய் வாசம் மட்டும் சுவரைத் தாண்டி வந்தது. முதல் சுற்றில் எட்டாவது. மூன்றாம் சுற்றில் ஆறாவது. தடத்தில் இருந்தவன் ஒருவன்தான். ஆனால் நேர்ப்பாதையில் ஐந்தாம் கியரிலிருந்து ஆறாம் கியருக்கு மாறும் சத்தத்துக்கு எங்கள் மூவரின் இடது பாதமும் அசைந்தது என்பதே உண்மை. நான்காம் சுற்றில் டிரம் பிரேக் சூடேறித் தளர, அவன் வளைவுகளுக்கு முன்பே பிரேக்கைப் பிடிக்கத் தொடங்கினான்.

ஐந்தாம் சுற்றில், நேர்ப்பாதையின் நடுவே, இரட்டைச் சிலிண்டரின் கிழிபடும் ஒலிக்குள் ஒரு கடினம் புகுந்தது. பட்டுத்துணி கிழிவதற்கும் தகரம் கிழிவதற்கும் உள்ள வித்தியாசம் அது. அண்ணன் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார். அடுத்த கணம் இன்ஜின் தனியே சீறித் தணிந்தது. கிளட்சைப் பிடித்துவிட்டான்! வண்டி ஓசையின்றி ஓரமாக உருண்டது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு பேர் கடந்து போனார்கள். அந்தச் சில நொடிகளில் எங்களுக்கு 65 என்ற எண்ணைத் தவிர உலகில் வேறெதுவும் இருக்கவில்லை. பிறகு கிளட்ச் மெல்ல விடப்பட்டது. இன்ஜின் இருமியது, பிடித்தது. மீதிச் சுற்றுகளை ஆக்சிலேட்டரை முக்கால்வாசிக்கு மேல் முறுக்காமல் ஓட்டி முடித்தான். இடையில் ஒருவர் வளைவில் சறுக்கி மணலுக்குள் போனதால் எங்களுக்கு ஒன்பதாவது இடம். தாடிக்காரர் மூன்றாவது.

திரும்பி வந்தவனிடம் அண்ணன் இடத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "காது கேட்டுச்சா?" என்றார். "விரல்தாண்ணே கேட்டுச்சு" என்றான் அவன். ரப்பருக்குப் பணம் வாங்க மறுத்த தாடிக்காரர், அதே ரப்பரை வேறு யாருக்காவது கொடுத்துவிடும்படி சொல்லிப் போனார்.

திங்கட்கிழமை மாலை சிலிண்டரைக் கழற்றினோம். இடது பிஸ்டனின் புகைபோக்கிப் பக்கத்தில் பென்சிலால் கிழித்தாற்போல் நாலைந்து கோடுகள். புதிய பிஸ்டனை நாங்கள் போதுமான தூரம் ஓட்டிப் பழக்கவில்லை. வெயிலில் அது சிலிண்டரைக்காட்டிலும் விரைவாக விரிந்திருக்கிறது. பிழை எங்கள் அவசரத்தினுடையது. சிலிண்டரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒருவர் மாற்றி ஒருவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தோம். சுவரில் கீறல் இல்லை.

வேகம் என்பது முறுக்கும் கையில் இருக்கிறது என்ற நினைப்போடுதான் இந்த விளையாட்டுக்கு வந்தோம். எங்களைப் போன்றவர்களுக்கு அது விடும் கையிலும் இருக்கிறது. பரிசுக்காக ஓட்டுகிறவனுக்கு மறுநாள் வேறு வண்டி வரும். எங்களுக்கு மறுநாளும் இதே வண்டிதான், இதே 65தான். தேய்ந்தே தீரும் ஒன்றைத் தேய்வுக்கு அஞ்சிக் கட்டிப் போடாமலும், துணிவு என்ற பெயரில் உடைத்துவிடாமலும் ஓட்டிச் செல்வதைத்தான் மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் எங்களுக்குக் கற்றுத்தந்தன.

அன்று தடத்திலிருந்து கிளம்பும்போது பெரியப்பா வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார். சூடு ஆறாத சிலிண்டருக்கு மேல் உள்ளங்கையைத் தொடாமல் சற்று நேரம் வைத்திருந்தார். ஒன்பதாவது இடம் என்று தயங்கிச் சொன்னோம்.

"அதை விடு. நிலைக்கு வந்துடுச்சில்ல?" என்றார்.