உள்ளே போனது வெளியே வரணும்

சென்னை பழைய மகாபலிபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் கார்பெட் வேலை பெரும்பாலும் வெள்ளிக்கிழமை இரவில்தான் தொடங்கும். காய்வதற்குச் சனியும் ஞாயிறும் கிடைக்கும். திங்கள் காலை ஆட்கள் நடக்கலாம். பெருங்குடிப் பக்கம் ஒரு மென்பொருள் அலுவலகத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை ஒதுக்கி முடித்திருந்தார்கள். மெஷின் இன்னும் மேலே வரவில்லை. குழுவின் மூத்தவர் மட்டும் கையில் டார்ச்சை வைத்துக்கொண்டு, குனிந்தபடி தளம் முழுக்க நடந்துகொண்டிருந்தார். கண்ணகி நகரிலிருந்து வருகிறவர். வயது ஐம்பதைத் தொடும். மற்றவர்களுக்கு அவர் ‘அண்ணன்’.

“ராத்திரிக்கு எந்த கெமிக்கல்?” என்று கேட்டேன். இந்த ஒரு கேள்விக்காகத்தான் போயிருந்தேன்.

“எங்கேன்னு சொல்லுங்க சார், அப்புறம் எதுன்னு சொல்றேன்” என்றார்.

இந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு கனம் என்பது வேலையின் வரிசையைப் பார்த்தால் புரியும். முதலில் வேக்குவம். கார்பெட்டில் தங்கும் அழுக்கில் பெரும்பங்கு உலர்ந்த தூசியும் மணலும்தான். ஈரம் படுமுன் அதை இழுத்துவிட வேண்டும். அதன் பிறகு ப்ரீ-ஸ்ப்ரே. கரைசலைத் தெளித்து, பிரஷ்ஷால் நூலுக்குள் தேய்த்து இறக்கி, பத்துப் பதினைந்து நிமிடம் ஊற விடுவார்கள். கடைசியில் வெந்நீரைப் பீய்ச்சி அப்போதே உறிஞ்சும் எக்ஸ்ட்ராக்‌ஷன் மெஷின். பார்க்கிறவர்களுக்கு மெஷின்தான் வேலை செய்வதாகத் தோன்றும். ஆனால் அதன் வாய் ஓர் இடத்தில் நிற்பது ஒன்றிரண்டு நொடி. அந்த நொடிக்குள் எந்த அழுக்கும் கரையாது, ஏற்கெனவே கரைந்து நிற்பதை மெஷின் அள்ளிக்கொண்டு போகும். பிடியை விடவைக்கும் வேலை முழுக்க ப்ரீ-ஸ்ப்ரேயினுடையது.

ஒரே தளத்தில் மூன்று விதமான அழுக்கு இருந்தது. லிஃப்ட் வாசலிலிருந்து உள்ளே போகும் பாதை கறுத்துக் கிடந்தது. கீழே வண்டி நிறுத்துமிடத்தின் எண்ணெய், சாலைத் தார், டயர்ப் பொடி எல்லாம் செருப்போடு ஏறி வந்து முதல் பத்தடியிலேயே இறங்கிவிடுகின்றன. மேசைகளுக்கு நடுவிலுள்ள வழிகளில் வெறும் தூசியும் லேசான பிசுக்கும். பேன்ட்ரி வாசலில் காபி, டீ, சாம்பார்.

லிஃப்ட் வாசலுக்கு அண்ணன் எடுத்தது காரக் கரைசல். எண்ணெய்ப் பிசுக்கிலுள்ள கொழுப்பு அமிலங்களைக் காரம் சோப்பாக மாற்றிவிடுகிறது, அதனால் அழுக்கே தன்னைக் கழுவிக்கொள்ள உதவுகிறது. தாருக்கும் கிரீஸுக்கும் அது மட்டும் போதாதென்று கொஞ்சம் கரைப்பான் கலந்த வகை. ஆனால் அளவு உண்டு. பிஎச் என்பது மடங்குக் கணக்கு: 8ஐவிட 10 நூறு மடங்கு காரம். கறை பிடிக்காமலிருக்கப் பூச்சு ஏற்றிய நைலானில் 10ஐத் தாண்டக் கூடாது என்பது தொழிலில் பொதுவான எல்லை. தாண்டினால் பூச்சு போய்விடும், அடுத்த காபி நேராக நூலில் ஏறும்.

பேன்ட்ரி வாசலில் அதே பம்பைத் தூக்கிக்கொண்டு வந்த இளைஞனை அண்ணன் தடுத்தார். “டேய் தம்பி, அது சாம்பார்டா. இதை அடிச்சா ஆரத்தி ஆயிடும்.”

நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தித் தட்டு சிவக்கிறது. மஞ்சளிலுள்ள குர்குமின் எந்தக் காரம் பட்டாலும் அப்படித்தான் சிவக்கும். கார ப்ரீ-ஸ்ப்ரே பட்ட சாம்பார்க் கறை சில நொடியில் செங்கல் நிறத்துக்கு மாறும். காலையில் அதைப் பார்க்கும் அட்மின் அதிகாரி கார்பெட்டை நாசம் செய்துவிட்டதாக எழுதுவார். லேசான அமிலம் பட்டால் நிறம் மறுபடி மஞ்சளுக்குத் திரும்பும், ஆனால் கறை போனதாகாது. காபி, டீ விஷயமும் கிட்டத்தட்ட இதுதான். அவற்றிலுள்ள டானின் காரத்தில் பழுப்பேறி இறுகும். அதனால் பேன்ட்ரி வாசலுக்கு முதலில் நடுநிலைக் கரைசல், மிஞ்சுவதற்கு அமிலம் சேர்ந்த கறைநீக்கி. அதற்கும் அசையாத மஞ்சளுக்கு அண்ணனிடம் இருந்த வழி ரசாயனமே இல்லை. இங்கே விரித்திருப்பவை 50 சென்டிமீட்டர் சதுரக் கார்பெட் டைல்கள். கறைபட்ட டைலைப் பெயர்த்து, அலமாரிக்கு அடியில் மறைந்திருக்கும் டைலோடு இடம் மாற்றிவிடுவார்.

மேசை வழிகளுக்கு அவர் தேர்ந்தெடுத்த கரைசலில்தான் இந்தத் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது என்று நினைக்கிறேன். தன் பையிலிருந்து நாலைந்து பிளாஸ்டிக் மூடிகளை எடுத்துக் காட்டினார். ஒவ்வொன்றிலும் ஒரு கெமிக்கலைக் கலந்த அளவிலேயே சிறிது ஊற்றி, நிழலில் காயவிட்டு வைத்திருக்கிறார். “தொட்டுப் பாருங்க.” முதல் மூடியில் விரல் ஒட்டியது, வெல்லப்பாகு காய்ந்ததுபோல. இரண்டாவதில் எண்ணெய்ப் பதம். மூன்றாவதில் கண்ணாடிச் செதில் மாதிரி ஒரு படலம். நகத்தால் சுரண்டியதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

“எந்த மெஷினும் எல்லாத்தையும் எடுத்துடாது சார். கொஞ்சம் உள்ளேயே நின்னுடும். நிக்கிறது எப்படி நிக்குதுன்னு பாக்கணும். ஒட்டுற மாதிரி நின்னா பதினைஞ்சு நாள்ல மறுபடியும் கறுப்பு. உதிர்ற மாதிரி நின்னா வேக்குவம்ல போயிடும். உள்ளே போனது வெளியே வரணும், அவ்வளவுதான்.”

மூன்றாவது மூடியில் இருந்ததுதான் மேசை வழிகளுக்கு அவர் எடுத்தது, பாலிமர் சேர்த்த கரைசல். காயும்போது அது அழுக்கைச் சுற்றி உறைந்து நொறுங்கும் படிகமாகிறது. முதல் மூடியில் இருந்தது நுரை மிகுந்த பழைய வகை ஷாம்பு. அதைச் சிங்கிள் டிஸ்க் மெஷினில் ஊற்றி நுரை பொங்கத் தேய்ப்பது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. நுரையைப் பார்த்தால் வாடிக்கையாளருக்குத் திருப்தி. அன்று கார்பெட் பளிச்சென்றுதான் இருக்கும். நூலில் தங்கிவிட்ட சோப்பு மறுநாளிலிருந்து ஒவ்வொரு செருப்பின் தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அடிக்கடி கழுவும் கார்பெட் அடிக்கடி அழுக்காவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அடுத்து தண்ணீர். இந்தச் சாலையோரக் கட்டடங்கள் பலவற்றுக்கு லாரித் தண்ணீரும் ஆழ்துளைக் கிணறும்தான் நெடுங்காலமாகக் கைகொடுக்கின்றன. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று எல்லை வைக்கிறது. வேறு வழியில்லாத இடத்தில் 600வரை அனுமதிக்கிறது. உப்புத் தண்ணீரில் துணி துவைக்கும்போது சோப்பு நுரைக்காமல் போவதை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கால்சியமும் மக்னீசியமும் சலவைப் பொருளைப் பிடித்துக்கொள்கின்றன. அழுக்கைப் பிடிக்க மிச்சம் இருப்பதில்லை. நல்ல ப்ரீ-ஸ்ப்ரேயில் இந்த உப்புகளைக் கட்டிப்போட இடிடிஏ போன்ற பொருள் இருக்கும். மென்னீர் கிடைக்கும் ஊருக்காகத் தயாரித்த சரக்கு இங்கே குறைந்த வலுவில்தான் வேலை செய்யும். அதை ஈடுகட்ட ஆட்கள் கூடுதலாக ஊற்றுவார்கள்; ஊற்றியதெல்லாம் நூலில் தங்கும். ஆர்ஓ வடிகட்டியிலிருந்து ஒரு கேன் பிடித்து வந்து ஸ்ப்ரே மட்டும் அதில் கலக்குகிறார் அண்ணன். மெஷினுக்குச் சாதாரணத் தண்ணீர்.

ஹென்கெல் நிறுவனத்தில் சலவைப் பொருள் வேதியியலாளராக இருந்த ஹெர்பர்ட் சின்னர் 1959இல் ஒரு வட்டம் வரைந்தார். சுத்தம் செய்வதற்கு நான்கு பங்காளிகள்: ரசாயனம், வெப்பம், தேய்ப்பு, நேரம். ஒன்று குறைந்தால் மற்றவை கூட வேண்டும். இன்றும் உலகமெங்கும் துப்புரவுப் பயிற்சியில் இந்த வட்டம்தான் முதல் பாடம். அண்ணன் அதைப் படித்ததில்லை, ஆனால் இரவு முழுக்க அதற்குள்ளேதான் நடக்கிறார். வெந்நீர் தாராளமாகக் கிடைக்காத கட்டடம் என்றால் ஊறும் நேரத்தைக் கூட்டுகிறார். நேரம் கிடைக்காத இடத்தில் பிரஷ்ஷை இன்னொரு முறை ஓட்டுகிறார். ரசாயனத்தைக் கூட்டுவது அவருக்குக் கடைசி வழி, ஏனென்றால் நாலில் அது ஒன்றுதான் வேலை முடிந்த பிறகும் கார்பெட்டில் தங்கும். ஊறும் நேரத்திலும் ஒரு பொறி உண்டு. தெளித்தது காய்ந்துவிட்டால், கரைந்த அழுக்கு கெமிக்கலோடு சேர்ந்து மறுபடி நூலில் ஒட்டிக்கொள்ளும். அதனால் தளம் முழுக்க ஒரேயடியாகத் தெளிக்காமல், மெஷின் எட்டும் அளவுக்குக் கட்டம் கட்டமாகத் தெளித்தார்கள்.

நள்ளிரவுக்குப் பிறகு நிர்வாக இயக்குநரின் அறை. அங்கே டைல்களுக்கு மேல் கையால் நெய்த ஒரு விரிப்பு கிடந்தது. ஓரத்திலிருந்து ஒரே ஓர் இழையை உருவி, வெளியே கொண்டுபோய்த் தீக்குச்சி காட்டினார் அண்ணன். முடி கருகிய நாற்றம், நசுக்கினால் பொடியாகும் சாம்பல்: கம்பளி. நைலான் என்றால் உருகி உருண்டையாகும். பட்டு மாதிரி மினுக்கும் விஸ்கோஸ் என்றால் காகிதம் எரிந்த வாசனை வரும். அதில் தண்ணீர் பட்டாலே ஆபத்து, பழுப்பேறி நூல் படிந்துபோகும். கம்பளி புரத இழை. பலமான காரம் அதன் நிறத்தையும் உறுதியையும் கெடுக்கும். ரத்தத்துக்கும் பால் கறைக்கும் கைகண்ட புரோட்டியேஸ் என்சைம் கலந்த ப்ரீ-ஸ்ப்ரே, கறையையும் கம்பளியையும் ஒன்றாகத்தான் பார்க்கும், இரண்டும் புரதமாயிற்றே. நடுநிலையை ஒட்டிய கரைசலை ஒரு வெள்ளைத் துணியில் நனைத்து, விரிப்பின் மூலையில் சற்று நேரம் அழுத்தி வைத்தார். துணியில் சிவப்புச் சாயல் இறங்கியது. “இதுக்கு இங்க வேலை கிடையாது” என்று விரிப்பைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டார். எந்தக் கெமிக்கலையும் தேர்ந்தெடுக்காததும் ஒரு தேர்வுதான்.

தேர்வு கார்பெட்டோடு முடிவதில்லை. கரைப்பான் கலந்த வகைகளில் சில தோல் வழியாகவே உடம்பில் ஏறக்கூடியவை. காரம் விரல் நுனிகளை வெடிக்க வைக்கும். இரவில் ஏசியை நிறுத்திவிட்ட கண்ணாடிக் கட்டடத்தில் சன்னலும் திறக்காது. மூடுபனி போலப் பறக்காமல் பெருந்துளியாக விழும்படி நாசிலைத் திருகி வைப்பது, தெளித்த இடத்தை மிதிக்காமல் பின்னால் நடந்துகொண்டே அடிப்பது, நைட்ரைல் கையுறை, பெயர் எழுதாத தண்ணீர் பாட்டிலில் எதையும் ஊற்றி வைக்காதது என்று அண்ணனின் ஒழுங்குகள் பல. இளைஞன் கையுறையைக் கழற்றிப் பையில் செருகியபோது கிடைத்த வசவை இங்கே எழுத முடியாது.

இவ்வளவு பார்த்துத் தேர்ந்தெடுக்கிற மனிதருக்கு, எந்த கேன் வாங்குவது என்று சொல்லும் அதிகாரம் பல இடங்களில் இல்லை. கொள்முதல் பிரிவு விலைப்பட்டியலை மட்டும் பார்க்கிறது. லிட்டர் 150 ரூபாய்ச் சரக்கை ஒன்றுக்குப் பத்து கலக்க வேண்டும், 400 ரூபாய்ச் சரக்கை ஒன்றுக்கு நாற்பது கலக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். தெளிக்கும் கரைசலின் விலை முதலாவதில் லிட்டருக்கு 13 ரூபாய்க்கு மேல், இரண்டாவதில் பத்து ரூபாய்க்குள். மலிவென்று வாங்கியது கலந்த பிறகு விலை கூடிவிடுகிறது. அது ஒட்டும் வகையாகவும் இருந்தால், சீக்கிரமே மறுபடி கழுவும் கூலியும் சேரும்.

ஒரு கேனை வாங்குமுன் கேட்க வேண்டியவை அதிகமில்லை. கார்பெட் எந்த நூல்? அழுக்கு எண்ணெயா, உணவா, வெறும் தூசியா? தண்ணீர் எவ்வளவு உப்பு? கலந்த பிறகு பிஎச் எத்தனை? காய்ந்தால் ஒட்டுமா, உதிருமா? கடைசிக் கேள்விக்குச் செலவு ஒரு பிளாஸ்டிக் மூடியும் ஒரு நாளும்தான். விலைப்பட்டியலில் கையெழுத்து போடுகிறவர் அந்த மூடியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுப் போட்டால், அண்ணனுக்கு அரை இரவு மிச்சமாகும்.